டோர் நம்பருக்குள்ளே ஓர் உலகம் - தெரியுமா?

ஒரு கேட்டில் எத்தனை எண்கள் இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். பழைய எண் 7. புதிய எண் 15. பக்கத்துத் தூணில், லேஅவுட் போட்ட காலத்து பிளாட் நம்பர் 32. மீட்டர் பெட்டி மேல் சிவப்பு பெயின்டில் மின் இணைப்பு எண். நிலைக்கதவில், எந்தக் கணக்கெடுப்புக்கோ வந்தவர் சாக்பீஸால் கிறுக்கிவிட்டுப் போன இன்னொன்று. ஆக மொத்தம் ஐந்து! என் கையில் போன். போனில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதில் 'ஹவுஸ்நம்பர்' என்று ஒரே ஒரு பெட்டி. எதைப் போடுவது?

"யாருப்பா, சென்சஸா?" என்றபடி அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"இல்லைங்கம்மா. மேப்ல உங்க வீட்டு நம்பர் போடறேன். எந்த நம்பரைப் போடட்டும்?"

"தபால்காரருக்கு ஏழு. கார்ப்பரேஷனுக்குப் பதினஞ்சு. கொரியர் பையனுக்கு வாதாமரம். நீ எதை வேணும்னாலும் போட்டுக்கோ."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரே கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ஆஸ்திரிய மகாராணியின் பட்டாளம், மதுரை மாசி வீதி, ஒரு சென்ட் பாட்டில், ஷெர்லாக் ஹோம்ஸ், சபரிமலை ஐயப்பன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெரியும்தானே? 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிபீடியாவை ஊர் கூடி எழுதுவதுபோல உலக வரைபடத்தை ஊர் கூடி வரைகிறார்கள். பதிவு செய்துகொண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். வீடு, குளம், பெட்டிக்கடை, மின்கம்பம் எதுவானாலும் வரைந்துவிட்டு அதன்மேல் 'டேக்' ஒட்ட வேண்டும். மளிகைக் கடை டப்பாவில் சீட்டு ஒட்டுவதுபோலத்தான். இடப்பக்கம் பெட்டியின் பெயர், வலப்பக்கம் அதில் போடும் சரக்கு. இதில் வியப்பு என்னவென்றால், எந்த டேக்கை வேண்டுமானாலும் நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம், தடுக்க ஆளே இல்லை! ஆனால் நீங்களாக உண்டாக்கிய டேக்கை எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. உங்கள் வீடு வரைபடத்தில் இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. அதனால்தான் நாலு பேர் ஒப்புக்கொண்ட டேக் எது என்று பார்த்துப் போட வேண்டியிருக்கிறது.

அந்த நாலு பேர் ஒப்புக்கொண்ட முகவரி டேக்குகளுக்கு ஒரு ஊரின் பெயர் இருக்கிறது தெரியுமா? கார்ல்ஸ்ரூ! ஜெர்மனியில் இருக்கிறது. 2008-ல் அந்த ஊரில் சிலர் கூடி உட்கார்ந்து, வீட்டு எண்ணுக்கு ஒரு பெட்டி, தெருவுக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒன்று, அஞ்சல் குறியீட்டுக்கு ஒன்று என்று வகுத்தார்கள். 'கார்ல்ஸ்ரூ முறை' என்றே இன்றும் பெயர். அந்த ஊரே ஓர் அதிசயம். 1715-ல் அரசர் அரண்மனையை நடுவில் வைத்து, அதன் கோபுரத்திலிருந்து 32 பாதைகளை நாலா பக்கமும் கதிர்போல இழுத்தார். ஊர் இருக்கும் பக்கத்தை மட்டும் மேலிருந்து பார்த்தால் விரித்த விசிறி! பளிச்சென்று தெருக்கள், தெருவுக்குத் தெரு பெயர், பெயருக்குக் கீழே எண். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து யோசித்தால் 'தெரு, எண்' என்றுதானே பெட்டி செய்யத் தோன்றும்?

சிரிப்பைக் கேளுங்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் மான்ஹைம். அந்த ஊரின் நடுப்பகுதியில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது! சதுரங்கப் பலகைபோல ஊரைக் கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழிக்கான லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனத்தின் முகவரி என்ன தெரியுமா? 'ஆர் 5, 6-13'. அவ்வளவுதான்! ஏதோ ராணுவச் சங்கேதம்போல இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஆர் 5 என்பது கட்டம், மற்றது வீட்டு எண். எண்களும் தெருவோடு ஓடாமல் கட்டத்தைச் சுற்றி வரும்.

இதற்காகத்தான் 'பிளேஸ்' என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. எண் தெருவைச் சேர்ந்ததானால் 'ஸ்ட்ரீட்', இடத்தைச் சேர்ந்ததானால் 'பிளேஸ்'. இரண்டில் ஒன்று மட்டுமே. புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இங்கேதான். ஸ்ட்ரீட் பெட்டி காலியாக இருக்கிறதே என்று மனம் கேட்காமல் பக்கத்தில் போகிற ரோட்டின் பெயரை எடுத்து அதில் போட்டுவிடுவார்கள். தெருப் பெயரே இல்லாத எத்தனையோ கிராமங்களில் வீட்டு எண் ஊர் முழுக்க ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அங்கே போய் 'மெயின் ரோடு' என்று எழுதினால் இல்லாத முகவரியை நாமே பிறப்பித்ததாக ஆகும்.

ஊர் முழுக்க ஓடுவது என்றால் வெனிஸைப் பார்க்க வேண்டும். நகரம் ஆறு பகுதி. பகுதிக்கு ஒரே எண் வரிசை, சந்து பொந்தெல்லாம் நுழைந்து நுழைந்து போகும். காஸ்தெல்லோ என்ற பகுதியில் எண் 6,000-ஐத் தாண்டுகிறது! 'காஸ்தெல்லோ இத்தனை' என்று முகவரி கொடுத்துவிட்டு, தெருவின் பெயரைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அடுத்தடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேறு சந்தில் இருக்கலாம். கால்வாய் ஊரில் தொலைந்து போகிறவர்கள்மேல் பரிதாபப்படாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானோ இதற்கு ஒரு படி மேலே. அங்கே பெயர் தெருவுக்கு இல்லை, தெருக்களுக்கு நடுவில் இருக்கும் கட்டத்துக்கு. நாம் தெருவுக்குப் பெயர் வைத்து வீட்டுக் கூட்டத்தைப் பெயரில்லாமல் விடுகிறோம். அவர்கள் வீட்டுக் கூட்டத்துக்கு எண் கொடுத்துவிட்டுத் தெருவை வெறும் இடைவெளியாக விட்டார்கள். பழைய முறையில் நிலம் பதிவான வரிசையில்தான் எண். 3-க்குப் பக்கத்தில் 47 இருந்தாலும் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். 1962-ல் சட்டம் போட்டு நகரங்களில் கொஞ்சம் ஒழுங்கு செய்தார்கள். அதனால் ஜப்பானுக்கென்று 'குவார்ட்டர்', 'நெய்பர்ஹுட்', 'பிளாக் நம்பர்' என்று தனி டேக்குகள். வரைபடம் திருத்தும் மென்பொருளே நாட்டுக்கு நாடு பெட்டிகளை மாற்றிக் காட்டுகிறது, தெரியுமா? ஜப்பானில் வீட்டைத் தொட்டால் ஒருவிதப் பெட்டிகள், ஜெர்மனியில் தொட்டால் வேறு.

இதைப் படித்துவிட்டு "அடேங்கப்பா ஜப்பான்!" என்று வாயைப் பிளப்பதற்கு முன் நெய்வேலி டவுன்ஷிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் "எந்த பிளாக்?" என்றுதான் விசாரிப்பார்கள்.

இனி ஒரு சங்கதி. தெருவின் பெயரை எழுதும்போது, வரைபடத்தில் அந்தத் தெருக்கோட்டின்மேல் எப்படி எழுதியிருக்கிறதோ அச்சு அசலாக அப்படியே எழுத வேண்டும். கோட்டில் 'காந்தி வீதி' என்று இருக்க, வீட்டில் 'காந்தி தெரு' என்று போட்டால் போச்சு! நாமினாட்டிம் என்ற தேடுபொறிதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முகவரி தேடித் தருவது. லத்தீனில் அதற்குப் 'பெயரால்' என்று பொருள். பெயரே இடித்தால் அது என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கும் வேறு தெருவோடு வீட்டை ஒட்டிவிடவும் கூடும். சென்னையில் தெரு, கோவையில் வீதி, யாழ்ப்பாணத்தில் பெரிய ரோடும் வீதிதான், சின்ன சந்து 'ஒழுங்கை'. சுருக்கெழுத்தும் கூடாது என்பது பொது விதி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கே.கே.எஸ். வீதி'யைக் காங்கேசன்துறை வீதி என்று விரித்து எழுதினால் உள்ளூர்க்காரரே ஒரு நொடி திகைப்பாரே! பழைய மகாபலிபுரம் சாலை, ஓ.எம்.ஆர்., ராஜீவ் காந்தி சாலை மூன்றும் ஒரே ரோடு. மவுன்ட் ரோடு அண்ணா சாலை ஆகி எத்தனை காலம் ஆயிற்று, இன்னும் மவுன்ட் ரோடு என்கிறோம். இதற்கெல்லாம் பழைய பெயருக்கு ஒரு டேக், மாற்றுப் பெயருக்கு ஒரு டேக், தமிழ்ப் பெயருக்கு ஒரு டேக் என்று தெருக்கோட்டிலேயே தனித்தனி இடம் உண்டு. வீட்டின் 'ஸ்ட்ரீட்' பெட்டியில் மட்டும் முதன்மைப் பெயர்.

மொழிபெயர்க்கும்போதுதான் பெரிய வேடிக்கை. மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சுற்றுக்குள் சுற்றாக வீதிகள். மாதப் பெயரில் தெரு! 'மாசி வீதி' என்று மட்டும் எழுதினால் முகவரி முடியாது. நாலு மாசி வீதி இருக்கிறது. கீழ, மேல, தெற்கு, வடக்கு. இதில் 'மேல மாசி வீதி'க்கு ஆங்கிலப் பெயர் போட வந்த ஒரு வெளியூர் ஆள் அகராதியைப் பார்த்து 'அப்பர்' என்று போட்டால் என்ன ஆகும்? மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கும் பக்கம் மேடு, கடல் இருக்கும் பக்கம் பள்ளம். நம் மொழியில் திசையே நிலத்தின் சரிவிலிருந்து பிறந்தது.

இப்போது நிகராகுவா போவோம். தலைநகர் மனாகுவாவிலும் முகவரியில் 'மேலே', 'கீழே' என்று வருகிறது. அங்கே மேலே என்றால்... கிழக்கு! சூரியன் ஏறும் பக்கம் மேலே, இறங்கும் பக்கம் கீழே. நமக்கு நேர் எதிர்! வடக்கு என்று சொல்லவே மாட்டார்கள், 'ஏரிப் பக்கம்' என்பார்கள். அங்கிருந்து ஜப்பானின் கியோட்டோவுக்கு வாருங்கள். மற்ற ஜப்பானிய ஊர்களைப்போல் இல்லாமல் கியோட்டோவில் தெருப் பெயர் புழங்குகிறது. இன்ன தெருவும் இன்ன தெருவும் சேரும் முனையிலிருந்து 'ஏறி' என்றால் வடக்கே, 'இறங்கி' என்றால் தெற்கே. அரண்மனை வடக்கில் இருந்ததால் வந்த வழக்கம். மேற்கு, கிழக்கு, வடக்கு மூன்றும் 'மேலே' ஆகிவிட்டன. தெற்கு மட்டும் பாக்கி என்கிறீர்களா? எகிப்தின் வரைபடத்தைப் பாருங்கள். 'மேல் எகிப்து' இருப்பது தெற்கே! நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதனால் நீர் வரும் பக்கம் மேல். நாலு திசையும் நாலு ஊரில் 'மேலே'! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். 'கன்ஸ்கிரிப்ஷன்நம்பர்' என்று ஒரு டேக் இருக்கிறது. வாய்க்குள் நுழையாத இந்தப் பெயருக்குப் பொருள் தெரியுமா? கட்டாய ராணுவச் சேர்க்கை எண்! 1770-ல் ஆஸ்திரியாவின் மரியா தெரசா தம் ஆட்சிப் பகுதிகளில் வீடு வீடாக எண் போடச் சொன்னார். தபால்காரருக்கு உதவி செய்ய இல்லை. எந்த வீட்டில் எத்தனை வாலிபர்கள் பட்டாளத்துக்குத் தேறுவார்கள் என்று கணக்கெடுக்க! அந்த வழக்கம் செக் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிராக் நகரில் ஒரு கதவுக்கு இரண்டு பலகை. சிவப்பில் இருப்பது அந்தப் பதிவு எண், நீலத்தில் இருப்பது தெரு வரிசை எண். வரைபடத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, அதோடு ஹவுஸ்நம்பரில் இரண்டையும் சேர்த்து நடுவில் சாய்கோடு. நம்மூர் 'பழைய எண், புதிய எண்' தலைவலி பிராக்கில் கலர் பலகையாகத் தொங்குகிறது!

சிவப்பு என்றதும் இத்தாலியின் ஃபுளோரன்ஸுக்கு ஓடாதீர்கள், அங்கே கதை வேறு. கடைகளுக்குச் சிவப்பு எண் வரிசை, வீடுகளுக்கு வேறு வரிசை. ஒரே தெருவில் 25 ஒரு முனையிலும், சிவப்பு 25 எங்கோ தள்ளியும் இருக்கும். அந்தச் சிவப்பைக் காட்ட எண்ணோடு ஓர் எழுத்துச் சேர்த்து எழுதுகிறார்கள். அந்த எழுத்தை "ஏதோ தட்டச்சுப் பிழை" என்று நல்லெண்ணத்தோடு நீக்கினால், சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டியவர் யார் வீட்டுக் கதவையோ தட்டுவார்.

கொலோன் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் முழுக்கத் தொடர் எண் போட்டார்கள். அப்போது ஒரு வீட்டுக்குக் கிடைத்த எண் 4711. இன்றைக்கும் '4711' என்று கடையில் விற்கிறதே ஒரு வாசனைத் திரவியம், அதன் பெயர் அந்த வீட்டு எண்தான்!

லண்டன் பேக்கர் தெருவில் ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. கதவில் 221பி. இரு பக்கமும் என்ன எண் தெரியுமா? 237-உம் 241-உம்! வரிசை கெட்டிருக்கிறதே என்று 239 போடலாமா? கூடாது. கதவில் என்ன இருக்கிறதோ அதுதான் முகவரி. தரையில் கண்ணால் கண்டதே சாட்சி என்பது இந்த வரைபடக்காரர்களின் அடிப்படைச் சட்டம். அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இடைக்கோடு ஒரு பெரிய கண்ணி. '10-14' என்றால் பல ஊர்களில் பத்து முதல் பதினான்கு வரை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் '86-22' என்றால் அது ஒரே வீடு! முன்பாதி குறுக்குத் தெருவைக் குறிக்கும், பின்பாதி வீட்டை. அதைத் தொடர் என்று நினைத்து மென்பொருள் விரித்தால் என்ன ஆகும், 86-லிருந்து 22-க்குப் பின்னோக்கி நடக்க வேண்டியதுதான். கொலம்பியாவில் இன்னும் அருமை. முகவரியின் கடைசியில் '13-19' என்று இருந்தால், 13-ஆம் குறுக்குச் சாலை முனையிலிருந்து 19 மீட்டர் என்று பொருள். வீட்டு எண்ணே டேப் வைத்து அளந்தது! நியூசிலாந்தின் கிராமப்புறத்தில் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள், சாலை தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 1250-ஆம் எண் வீடா? பன்னிரண்டரை கிலோமீட்டர் போக வேண்டும், பெட்ரோல் பார்த்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் சாய்கோடு ஆட்சி. '123/45/6' என்றால் 123-ல் பிரியும் சந்து, அதில் 45-ல் பிரியும் சந்துக்குள் சந்து, அங்கே ஆறாவது எண். முகவரியே வழியும் சொல்லிவிடுகிறது. இலங்கையிலும் நம்மூரிலும் மனையைப் பிரித்து விற்ற இடங்களில் இந்தச் சாய்கோட்டைப் பார்க்கலாம். எதையும் அழகு படுத்தாமல், உள்ளபடியே ஒரே பெட்டியில் எழுதிவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு வீடாக எழுதக் கை வலிக்கிறதா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தெருவின் இந்த முனையில் 2, அந்த முனையில் 40 என்று இரண்டு வீட்டை மட்டும் குறித்து, நடுவே ஒரு கோடு இழுத்து, 'இரட்டைப்படை' என்று டேக் போட்டால் மீதியை மென்பொருளே ஊகித்துக்கொள்ளும். 1805-ல் நெப்போலியன் காலத்துப் பாரிஸில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று ஆணை போட்டார்களே, அந்தப் புண்ணியம். ஆனால் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடக்கும் நம் தெருக்களில் இந்தக் குறுக்குவழியைத் தொடாதீர்கள். நான் ஒரு முறை தொட்டுவிட்டு, டீக்கடையைக் குளத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? லேஅவுட்டில் பிரித்த மனையும் 'பிளாட்'. அடுக்குமாடியில் இருக்கும் வீடும் 'பிளாட்'. இங்கிலீஷில் இரண்டு வேறு சொற்கள், தமிழில் எழுதினால் ஒரே சொல்! "பிளாட் நம்பர் 12" என்று போர்டில் இருந்தால் அது பன்னிரண்டாவது மனையா, பன்னிரண்டாவது குடித்தனமா? அடுக்குமாடிக் குடித்தனம் என்றால் 'யூனிட்' அல்லது 'பிளாட்ஸ்' டேக்கில் போக வேண்டும். மனை எண் என்றால், அது உண்மையிலேயே முகவரியாகப் புழங்கினால் ஒழிய ஹவுஸ்நம்பரில் ஏறக்கூடாது. தென் கொரியாவில் இப்படித்தான் மனைப் பதிவு எண்ணையே முகவரியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். 2014 ஜனவரி 1 முதல் தெருப் பெயர் முகவரிக்கு நாடே மாறியது.

ஊர்ப் பெட்டியும் லேசுப்பட்டது இல்லை. 'தாம்பரம், சென்னை - 45' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். தாம்பரம் 2021-ல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது, இருப்பதோ செங்கல்பட்டு மாவட்டம். 'சிட்டி' பெட்டியில் எது? நிர்வாக எல்லை வரைபடத்தில் ஏற்கெனவே கோடாக இருக்கிறது, மென்பொருள் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டி, கடிதத்தில் மக்கள் என்ன ஊர் எழுதுகிறார்கள் என்பதற்கு. அந்த '45'-ஐ மட்டும் போட்டுவிடாதீர்கள், 600045 என்று ஆறு இலக்கமும் இடைவெளி இல்லாமல் வேண்டும்.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் யார் தெரியுமா? சம்ஸ்கிருதக் கவிஞர்! 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த யானம் 533464. ஆந்திர வரிசை! பின்கோடை வைத்து மாநிலத்தை ஊகித்து எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சபரிமலைக்கு 689713 என்று தனி எண் இருக்கிறது. சீசனுக்கு மட்டும் இயங்கும் அஞ்சலகம்! சிங்கப்பூரில் 1995 முதல் ஆறிலக்க எண், அநேகமாகக் கட்டடத்துக்கு ஒன்று. அதை மட்டும் எழுதினாலே போதும், கிட்டத்தட்ட முழு முகவரி. அயர்லாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முகவரிகள் தனித்தன்மை இல்லாதவை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே முகவரி! 2015-ல்தான் வீட்டுக்கு வீடு குறியீடு கொடுத்தார்கள். அதுவரை தபால்காரரின் ஞாபகம்தான் நாட்டின் முகவரிப் புத்தகம்.

இந்திய அஞ்சல் துறை 2025-ல் 'டிஜிபின்' விட்டிருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாக வெட்டி, கட்டத்துக்குப் பத்து எழுத்துக் குறியீடு. உங்கள் வீட்டு ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு இன்னொன்று என்று வந்தாலும் வரலாம்! வரைபடத்தில் இதை எழுத வேண்டுமா? அவசியமே இல்லை. அது அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. வீட்டைச் சரியான இடத்தில் வரைந்தாலே குறியீடு அதற்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் அடங்காத முகவரிகளும் உண்டு. பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக் கிடக்கும் பார்லே என்ற ஊரில் எல்லைக்கோடு வீடுகளுக்கு நடுவிலேயே ஓடுகிறது. முன்வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு எண். ஒரு வீட்டில் கோடு முன்வாசல் கதவையே பிளக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாட்டு எண், அந்தப் பக்கம் இன்னொரு நாட்டு எண்! டேக் போடுகிறவர் என்ன பாடு பட்டிருப்பார்?

கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் 'பழைய அத்திமரத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே' என்ற மாதிரிதான் முகவரி. அந்த அத்திமரம் இப்போது இல்லை! மனாகுவாவில் 1972 டிசம்பர் 23 நிலநடுக்கம் நகரத்தின் நடுப்பகுதியையே தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகும் 'அது இருந்த இடத்திலிருந்து இத்தனை தெரு' என்று இடிந்துபோன கட்டடங்களை வைத்தே முகவரி சொன்னார்கள். நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை. ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது, 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர். ஆனால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து என்ன சொல்கிறோம்? "ஜெமினி போப்பா."

இந்த மாதிரி முகவரிக்குக் கடைசிப் புகலிடமாக 'ஃபுல்' என்று ஒரு டேக் இருக்கிறது. பெட்டி பெட்டியாகப் பிரிக்கவே முடியாதபோது மட்டும் முழு முகவரியையும் ஒரே வரியாகக் கொட்டலாம். 255 எழுத்துக்குறிக்குள். தமிழில் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் 'கு' என்பதை ஓர் எழுத்து என்கிறோம், கணினிக்கு அது ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், அரிசி மில்லுக்கு எதிர்ச் சந்தில்' என்று நம் வழக்கப்படி விஸ்தாரமாகப் போனால் இடம் தீர்ந்துவிடும்.

அந்த ஐந்து எண் கேட்டுக்கு என்ன செய்தேன் என்கிறீர்களா? கேட்டில் பளிச்சென்று புது பெயின்டில் இருந்த 15-ஐ ஹவுஸ்நம்பரில் போட்டேன். 7-ஐ, 'பழைய' என்று முன்னொட்டு வைத்த தனி டேக்கில் போட்டேன். அப்படி எழுதும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இந்தத் தெருவில் மனை எண்ணை வைத்து யாரும் கடிதம் எழுதுவதில்லை, அதனால் 32 வேண்டாம். மின் இணைப்பு எண்ணும் சாக்பீஸ் எண்ணும் யாருக்கும் முகவரி இல்லை.

வாதாமரத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. மரத்துக்கு டேக் இருக்கிறது, ஒரு புள்ளி வைத்தால் பச்சையாக வரும். ஆனால் இல்லாததை வரையக்கூடாதே. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று மத்தியானமே அது வேரோடு சாய்ந்து, மறுவாரம் கார்ப்பரேஷன் லாரியில் துண்டு துண்டாகப் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

வரைபடத்தைச் சேமித்துவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. எனக்கு வர வேண்டிய பார்சல்.

"சார், அட்ரஸ்ல புது நம்பரா பழைய நம்பரா போட்டிருக்கீங்க?"

"புதுசுதான்பா. தெருவுக்குள்ள வந்து நேரா..."

"வாதாமரம் தாண்டியா, முன்னாடியா சார்?"

முனைக்குப் போய் நின்றேன். வண்டியில் வந்து இறங்கிய பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். ஊர் எது என்று கேட்டேன். போன வருஷம்தான் சென்னைக்கே வந்தானாம்.